மாடிப் பென்ஷன்

அந்த வீட்டில் மாடிக்குப் பெயர் பென்ஷன்.

"பென்ஷன்ல துணி காயுதுங்க, மழை வர மாதிரி இருக்கு, ஓடிப் போய் எடுங்க" என்று காஜாக்கா குரல் கொடுத்தால் நடுச்சுவரைத் தாண்டி என் ஹார்டுவேர் கடைக்கே கேட்கும். கடைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்து முழிப்பார்கள். பென்ஷனில் எப்படித் துணி காயும் என்று ஒருவர் கேட்டே விட்டார். எங்கள் தெருவில் மட்டும் காயும் என்றேன்.

பெயரை வைத்தவர் அவள் புருஷன். கொத்தனார். பூச்சைச் சமன் செய்கிற மட்டப்பலகையின் பெயர்தான் அவருக்கு நாங்கள் வைத்த பட்டம். பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் மட்டும் வைத்ததல்ல. எங்கே போனாலும் சுவரில் கன்னத்தை ஒட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளப் பார்ப்பார். ஆணி வாங்க வந்தவர் என் கடைச் சுவரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு வயிறு தள்ளியிருக்கு" என்பார். எனக்கும்தான் தள்ளியிருக்கு அண்ணே, வேலையைப் பார்த்துக்கிட்டுப் போங்க என்பேன். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் ஆளில்லை. ஆணியை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

காஜாக்கா வீட்டிலேயே வேலை பார்ப்பவள். சட்டைக் கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாகச் சட்டை வரும். பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கூடத்தில் மாடிப்படி வந்து இறங்குகிற இடத்தில்தான் அவள் மெஷின். அந்த வீட்டில் வெளிச்சம் விழுகிற ஒரே இடம் அதுதான். மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். மேலே படிவாசல் வழியாக இறங்குகிற வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் மெஷின் மேலேயே கிடக்கும். ஊசியில் நூல் கோக்க அவள் தலையைத் தூக்கிப் பார்க்கிற திசை எப்போதும் படிதான்.

அந்தப் படிதான் கதையே.

தினக்கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று யாரும் எழுதி வைப்பதில்லை. கை ஓடுகிற வரைக்கும் கூலி. கை நின்ற அன்றைக்குக் கூலியும் நிற்கும். மட்டப்பலகையோடு வேலை பார்த்த ஒரு மூத்த கொத்தனார், சாரம் ஏற முடியாமல் போன பிறகு, தான் பூசிய பங்களாக்களின் வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்திருந்ததை இவர் பார்த்திருக்கிறார். அப்போதுதான் முடிவு செய்தாராம். "பேங்க்ல போட்டா கைக்கு எட்டும், எட்டினா செலவாகும். செங்கல்லுல போட்டா யாரு எடுப்பா? மாடி கட்டி வாடகைக்கு விட்டுட்டா மாசம் பொறந்தா பணம். அதுதான் தம்பி நமக்குப் பென்ஷன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் முதல் மூட்டை சிமெண்ட் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிய மாடி அது. ஊருக்கெல்லாம் ஓய்வு நாளான அன்று அவர் வீட்டில் கரண்டிச் சத்தம் கேட்கும். காஜாக்கா கலவை போட்டுச் சட்டியில் தூக்கிக் கொடுப்பாள். வேலை செய்த இடங்களில் மிச்சப்பட்ட டைல்ஸை, உடைந்ததும் உடையாததுமாகக் கேட்டு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். மாடித் தரையில் ஒரு டைல் மாதிரி இன்னொன்று இருக்காது. இது டாக்டர் வீட்டுக் குளியலறை, இது ஓட்டல் வரவேற்பு, இது அந்தக் கஞ்சன் வக்கீல் வீட்டுச் சமையல்கட்டு என்று காலால் தட்டித் தட்டிச் சொல்வார். நல்ல துணி எடுக்கவில்லை. வெளியூர் போனதில்லை. மகன் படிப்புக்குப் போக மீதியெல்லாம் மேலே ஏறியது. பல வருஷம் பிடித்தது.

எல்லாம் சரி. படியை மட்டும் வீட்டுக்குள்ளே போட்டுவிட்டார்.

வெளிப்பக்கம் போட, வீட்டுக்கும் அடுத்தவர் சுவருக்கும் நடுவே குறுகலாக ஒரு சந்து உண்டு. அங்கே தண்ணீர்க் குழாயும் துவைக்கிற கல்லும் இருந்தன. அந்தப் பக்கம் படி போட்டால் தனியாக அஸ்திவாரம் எடுக்க வேண்டும், கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். கூடத்துக்குள் போட்டால் இருக்கிற சுவரிலேயே சாய்த்துவிடலாம். கம்பி மிச்சம், சிமெண்ட் மிச்சம், பலகை வாடகை மிச்சம். யாராவது இன்னொரு கொத்தனார் கூட இருந்திருந்தால், குடியிருக்க வருகிறவன் உங்கள் படுக்கையைத் தாண்டியா மாடிக்குப் போவான் என்று கேட்டிருப்பார். ஊரான் வீட்டில் இப்படி ஒரு படியை அவர் போட விட்டிருக்க மாட்டார். தன் வீட்டில் அவரே கொத்தனார், அவரே சொந்தக்காரர். கேட்க ஆளில்லை.

"அப்புறமா வெளியில ஒண்ணு போட்டுக்கலாம்" என்றாராம்.

இதில் தப்பு யார் பக்கம் என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தீராத வழக்கு.

"உன் துவைக்கிற கல்லாலதான்டி எல்லாம். அத நகத்தக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்ன."

"கல்லுக்குக் கால் முளைச்சு வந்து உங்க கையப் புடிச்சுதா? மிச்சம் புடிக்கிறேன்னு மிச்சம் புடிச்சீங்க. அந்த மிச்சத்த எடுங்க பாப்போம், எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் படியில் ஒரு ஓரம் சிமெண்ட் பெயர்ந்திருந்தால் விரலால் தடவிப் பார்ப்பார்.

முதலில் குடி வந்தது ஒரு லாரி டிரைவர், அவர் மனைவி. நல்ல மாதிரி. காஜாக்கா சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், அந்தப் பெண் குடத்தோடு குறுக்கே போவாள். மட்டப்பலகை பனியனோடு படுத்திருப்பார், டிரைவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் காலைத் தாண்டிப் போவார். இரண்டு பக்கத்துக்கும் கூச்சம். கொஞ்ச மாதத்தில், "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல நாங்க விருந்தாளி மாதிரியே இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் காலி செய்தார்கள். அடுத்து வந்தவர்கள் சொல்லாமலே செய்தார்கள். அப்புறம் பார்க்க வந்தவர்கள் கூடத்து வாசலிலேயே நின்று, "மாடிக்கு வழி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அப்படிக் காலியாகக் கிடந்தபோதுதான் மகனுக்குக் கல்யாணமாயிற்று. வேறு வீடு கிடைக்கும் வரை இருக்கிறோம் என்று மருமகளோடு மாடி ஏறினான். சொந்த மகன் கூடத்தைத் தாண்டிப் போவதில் யாருக்கு என்ன கூச்சம்? அந்தப் படி அவனுக்கென்றே போட்டது மாதிரி பொருந்திவிட்டது. வேறு வீடு கிடைக்கவே இல்லை. தேடினால்தானே கிடைக்கும்.

மகனுக்கு என்ன வேலை தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். போனில் கூப்பிட்டு ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் விற்கிற வேலை. கொஞ்ச நாள் ஆபீஸ் போனான். அப்புறம் வீட்டிலிருந்தே பேசினால் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. காதில் மாட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்து பேசுவான். கணீரென்ற குரல். வெளிச்சம் இறங்குகிற படி வழியாக அதுவும் இறங்கும்.

"வணக்கம் சார். ரிட்டயர் ஆன பிறகு மாசா மாசம் கைக்குப் பணம் வரணும் இல்லையா சார்? ... பிள்ளைங்க பாத்துப்பாங்கன்னு சொல்றீங்க. ரொம்ப சந்தோஷம் சார். ஆனா அவங்களுக்கும் குடும்பம், செலவுன்னு இருக்கும்ல? கடைசிக் காலத்துல யார் கையையும் எதிர்பாக்கக் கூடாது சார். நான் என் அப்பாவுக்குச் சொல்ற மாதிரி உங்களுக்குச் சொல்றேன்."

கீழே காஜாக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ஒருநாள் பட்டன் டப்பா வாங்கிக் கொடுக்கப் போன என்னிடம் மேலே கண்ணைக் காட்டினாள்.

"கேட்டீங்களா? ஊர்ல இருக்கிற அப்பனுக்கெல்லாம் புத்தி சொல்றான். இவன் உக்காந்திருக்கிறது எங்க பென்ஷன் மேல."

பிறகு மெஷினை அவசியத்துக்கு மேல் வேகமாக ஓட்டினாள்.

மட்டப்பலகையின் வலது கை தோளுக்கு மேல் ஏறாமல் போனது மழைக்காலத்தில். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சீலிங் பூச்சுக்கு அண்ணாந்து நின்று, கலவையை மேலே வீசி, அது விழுவதற்குள் தேய்த்துப் பிடிக்க வேண்டும். வீசியது பாதி மூஞ்சியிலேயே விழுந்தது. காண்டிராக்டர் மரியாதையான ஆள். "அண்ணே, நீங்க கீழ மணல் சலிங்க. நிழல்தான்" என்றார். சுவருக்குக் கன்னம் வைத்துப் பார்த்தவர் சல்லடைக்கு முன்னால் குனிந்து நின்றார். அடுத்த வேலை தொடங்கியபோது, "ஆள் வேணும்னா சொல்லி அனுப்பறேன்" என்றார் காண்டிராக்டர். சொல்லி அனுப்பவில்லை.

காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போவார். சட்டையில் சிமெண்ட் இல்லாததை ஒரு பொம்பளை எத்தனை நாள் கவனிக்காமல் இருப்பாள்? துவைக்கிறவள் அவள்தானே.

"எத்தன நாளா?" என்று கடைக்கே வந்து கேட்டாள்.

"கொஞ்ச நாளா."

"டிபன் பாக்ஸ எதுக்குத் தூக்கிட்டு அலையறீங்க? வீட்லயே சாப்பிடலாம்ல? குழம்பாவது சூடா இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை, ஆணிப் பெட்டியை ஒழுங்குபடுத்துவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போகும்போது என்னிடம், "ஞாயித்துக்கிழமை நீங்க கொஞ்சம் வீட்டுக்கு வாங்க தம்பி. அவன்கிட்ட பேசணும். மூணாவது மனுஷன் ஒருத்தர் இருந்தா சத்தம் போட மாட்டான்" என்றாள்.

போனேன். மருமகள் டீ கொடுத்தாள். மகன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் இரண்டாவது படியில் உட்கார்ந்தான். மட்டப்பலகை சுவரில் சாய்ந்திருந்தார். காஜாக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் சட்டை.

"உங்கப்பாவுக்குக் கை போச்சு" என்று ஆரம்பித்தாள்.

"போகலம்மா. பிசியோதெரபி பண்ணா சரியாயிடும்னு சொன்னாங்கல்ல?"

"சரியாகட்டும். சரியானா தூக்கிச் சோறு சாப்பிடுவாரு. மறுபடி சாரம் ஏற முடியாது. எனக்கும் கண்ணு மங்குது, கறுப்புச் சட்டைக்குக் கறுப்பு நூல் தெரிய மாட்டேங்குது. அதனால கேக்கறேன். மாடிய எதுக்குக் கட்டினோம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நான்தான் இல்லேன்னேனா?"

"காலி பண்ணு, இல்ல வாடகை குடு."

மகன் சிரித்தான். சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. பெத்த புள்ளகிட்ட வாடகை கேக்கற வீட்ட நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் டீயைக் குடித்தேன்.

"குடுத்துடலாங்க" என்றாள் மருமகள். அவள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெளிய போனா குடுக்கத்தானே போறோம்? அத இங்கயே குடுப்போம். அத்தை கேக்கறதுல என்ன தப்பு?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த இடத்தில் அது முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் வாயிலிருந்து நல்ல சொல்லாக வந்தது. வாங்கி முடிந்து வைத்துக்கொண்டிருந்தால் போதும். கெடுத்தவர் மட்டப்பலகை.

"வேணாம்மா" என்றார். "மகன்கிட்ட மாசாமாசம் கை நீட்டி வாடகை வாங்கற அளவுக்கு நான் இன்னும் போயிடல. தெருவுல தலை காட்ட முடியாது."

"தெருவு வந்து நமக்கு மருந்து வாங்கித் தருமா?" என்றாள் காஜாக்கா.

"நீ சும்மா இரு. இது வாடகை பிரச்சனையே இல்ல. படிதான் பிரச்சனை. படி வெளியில இருந்தா அவன் ஒரு வீடு பாத்துப் போவான், நாலு பேர் வந்து கேப்பாங்க, நாம விடுவோம். அத்தன சுவரும் மட்டமா வெச்சேன், இந்த ஒண்ணுல புத்தி கெட்டுப் போச்சு. எனக்கு அத மாத்தணும்."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசுகிற குரல் இல்லை அது. ஊரெல்லாம் நேராகப் பூசியவர், தினமும் எழுந்தால் தன் தப்பின் முகத்தில்தான் விழித்திருக்கிறார்.

மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாடிக்கையாளர் பக்கம் ஒரு கதவு திறந்ததும் அவன் குரல் மாறுமே, அந்தக் குரல் வந்துவிட்டது.

"அப்பா சொல்றதுதான் கரெக்ட். படி போட்டுடுவோம். நான் லோன் எடுக்கறேன். உங்களுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க, எனக்குச் சம்பளச் சீட்டு இருக்கு. என்ன, மாடி என் பேர்ல இருந்தாதான் பேங்க்ல ஒத்துக்குவாங்க. சும்மா பேருக்குத்தான்பா. படி முடியட்டும், நாங்க போயிடறோம். வாடகைய நீங்க வாங்கிக்குங்க."

"பேருக்குன்னா பேர் எதுக்கு?" என்றாள் காஜாக்கா.

"அம்மா, அது ரூல்ஸ்."

"எழுதிக் குடுக்காதீங்க" என்று புருஷனிடம் திரும்பினாள். "அந்தப் பொண்ணு வாடகை குடுக்கறேங்குது. அத வாங்கிப் போடுவோம். படியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வேணா கையேந்தறேன், எனக்கு வெக்கம் இல்ல."

"சொந்தப் புள்ள மேல நம்பிக்கை இல்லாம பேசாத."

"நம்பிக்கை இருக்குங்க. நல்ல புள்ளதான். ஆனா கையில ஒண்ணு வந்தா அது எங்கங்க திரும்பிப் போகும்? யாருக்குத்தான் போகும்?"

மட்டப்பலகை எழுந்து சந்துக்குப் போனார். ஒரு செங்கல் துண்டை எடுத்துத் துவைக்கிற கல்லின் ஓரத்தில் தரையில் கோடு கிழித்தார். முதல் படி எங்கே வரும் என்று குறிக்கிறார். காஜாக்கா மடியிலிருந்த சட்டையில் பட்டன் வைக்க ஆரம்பித்தாள். ஊசி குத்திவிட்டது போலிருக்கிறது, விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

மட்டப்பலகை மாடியை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்த அன்று பத்திர ஆபீஸுக்கு அவள் போகவில்லை. வீடு அவர் பேரில் இருந்ததால் அவள் வரத் தேவையும் இருக்கவில்லை. அவர்களோடு போன மருமகள் மட்டும் என் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "நான் சொன்னேன், கேக்கல" என்றாள். யார் கேட்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.

வெளிப்படி போட்ட நாட்களில் மட்டப்பலகையைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. படி வேலையில் கை தோளுக்கு மேல் ஏற வேண்டியதில்லை, எல்லாம் இடுப்புக்குக் கீழே. பழைய கூட்டாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரே போட்டார். துவைக்கிற கல்லை நகர்த்தினார்கள். சந்தில் இடமில்லாமல் அது வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. ஒவ்வொரு படிக்கும் ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நிற்கிற வரை விடவில்லை. "ஏறி எறங்கிப் பாருங்க தம்பி, முட்டி வலிக்காது" என்று என்னைக் கூப்பிட்டு ஏறவைத்தார். நிஜமாகவே வலிக்கவில்லை. கைப்பிடிச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் செய்த பூச்சுகளிலேயே அதுதான் அழகு. சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

படி முடிந்ததும் மகன் சொன்னபடியே செய்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் ஒரு வீட்டை விலைக்குப் பார்த்து, பால் பொங்குகிற அளவுக்குக்கூட நேரம் எடுக்காமல் முன்பணம் கட்டினான். படிக்கென்று மட்டும் யாரும் லோன் தரமாட்டார்களாம். கொஞ்சம் பெரிதாகவே எடுத்திருந்தான். அதற்கு மாடிதான் ஜாமீன். அம்மா அப்பாவைக் கூட்டிப் போய்ப் புது வீட்டைச் சுற்றிக் காட்டினான். மட்டப்பலகை அங்கேயும் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாராம்.

"மாடிக்கு ஆள் வந்தாச்சுப்பா. நல்ல குடும்பம், ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. ஒரே ஒரு கண்டிஷன். உள்படிய அடைச்சுடணுமாம். பாதுகாப்பு வேணும்னு கேக்கறாங்க, நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"அப்புறம் வாடகை. கொஞ்ச நாள் அது லோனுக்குப் போகட்டும்பா. இந்த லோன், அந்த வீட்டு லோன்னு ரெண்டு பக்கமும் கட்ட எனக்கு நாக்கு தள்ளுது. லோன் அடைஞ்சதும் முழுசா உங்களுக்குத்தான்."

"எப்ப அடையும்?" என்று கேட்டாள் காஜாக்கா.

மகன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். மருமகள்தான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. "இருபது வருஷம், அத்தை."

மட்டப்பலகை விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். "பரவால்ல" என்றார். "அதுக்குள்ள எனக்கு எம்பத்திரெண்டுதான் ஆகும். நல்லா ஆடி ஓடி அனுபவிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

உள்படியை அடைத்தவரும் அவர்தான். வேறு கொத்தனாருக்குக் கூலி கொடுக்க யாரிடம் இருக்கிறது? படிவாசலில் செங்கல் வரிசை ஏற ஏற, கீழே மெஷின் மேல் கிடந்த வெளிச்சம் ஓரமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. காஜாக்கா மெஷினைச் சுவரோரம் நகர்த்தினாள். அங்கும் சுருங்கியது. கடைசி வரிசைக்குக் கை எட்டவில்லை. அவருடைய தோள் அங்கே போகாது. பெஞ்சு போட்டு ஏறி நின்றார். கூடத்தில் பகலிலேயே இருட்டு.

"எனக்கு நூல் கோக்கக் கண்ணு தெரியலங்க" என்றாள்.

"லைட்டப் போடு."

"போட்டுதான் இருக்கேன்."

சட்டைக் கம்பெனிக்காரன் பட்டன் கோணலாக இருக்கிறது என்று ஒரு கட்டைத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் கட்டுகள் குறைந்தன. அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மழை வந்தால் உள்ளே ஓட வேண்டும். மெஷினைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை ஓடுவது? மட்டப்பலகை மறுபடி மணல் சலிக்கப் போனார். இந்தத் தடவை காண்டிராக்டர் சொல்லி அனுப்பவில்லை. இவரே போய்க் கேட்டு நின்றார். தெருவில் தலை காட்ட முடியாது என்றவர் அந்த வேலைக்கு அதே தெரு வழியாகத்தான் போய் வந்தார்.

மாடிக்காரர்கள் காலையில் வெளிப்படி இறங்கிப் போவார்கள், சாயங்காலம் ஏறுவார்கள். செருப்போடுதான். கீழே யாருக்கும் தொந்தரவு இல்லை, கூச்சமும் இல்லை. கட்டியவர் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மாசம் பிறந்தால் வாடகையும் தவறாமல் போனது.

காஜாக்கா மட்டும் பழக்கதோஷத்தில் ஒருநாள், "பென்ஷன்ல..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டதை நான் கேட்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் அதை மாடி என்றே சொன்னார்கள்.

போன வாரம் மாடிக்காரர் என் கடைக்கு வந்தார். குளியலறைச் சுவரில் ஈரம் ஊறிப் பூச்சு உப்பியிருக்கிறதாம்.

"வீட்டுக்காரருக்கு போன் பண்ணேங்க. கீழ இருக்கிறவரு கொத்தனார்தான், அவரையே கூப்பிட்டுக்குங்க, கூலிய வாடகைல கழிச்சுக்கலாம்னு சொன்னாரு. கீழ் வீட்டுப் பெரியவரு எவ்வளவு கேப்பாரு? ரொம்ப வயசானவரா இருக்காரே, செய்வாரா?"

"அவரு வீட்டுக்காரரோட அப்பா" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லவே இல்லையே அவரு" என்றார். மேற்கொண்டு சொல்லி என்ன ஆகப்போகிறது?

அரை மூட்டை சிமெண்டை இடது தோளில் தூக்கிக்கொண்டு, தான் போட்ட படியில், மட்டப்பலகை மாடிக்கு ஏறினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டிவிட்டு நின்றார். மாடிக்காரரின் மனைவி வந்து, "உள்ள வாங்க" என்ற பிறகுதான் டாக்டர் வீட்டு டைல்ஸில் கால் வைத்தார். உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பூசியதாக மாடிக்காரர் அப்புறம் என்னிடம் சொன்னார். கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தாராம். மட்டப்பலகை கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நேரே என் கடைக்குத்தான் வந்தார். முழங்கை வரை சிமெண்ட். மடித்த நோட்டைக் கல்லா மேல் வைத்தார்.

"பென்ஷன் வந்துச்சு தம்பி" என்றார். "டியூப்லைட் ஒண்ணு குடுங்க. நல்ல வெளிச்சமா. அவ நூல் கோக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். எரிகிறதா என்று மாட்டிக் காட்டினேன். முகத்தை நீட்டி அந்த வெளிச்சத்தை ஒற்றைக் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விலையில் குறைத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முழு விலையையும் எடுத்துக்கொண்டேன். மீதி வந்தது சில்லறை. அதை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, டியூப்லைட்டைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் காஜாக்கா குரல் கேட்டது.

"மேல எப்படிங்க மாட்டுவீங்க? உங்க கைதான் ஏறாதே."

பெஞ்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.